காணியில் குடியிருப்போர்

அரசுப் பூங்காவுக்கு எடுக்கப்படும் தேயிலைத் தோட்டக் காணியை நேரில் பார்க்க, பதுளையிலிருந்து வந்திருந்தாள் மேற்பார்வைக் குழு அதிகாரி சுகந்தினி. யாராவது குடியிருந்தால் அந்தக் காணியை எடுக்கக் கூடாது என்பது குழுவின் நிபந்தனை.

மலைச்சரிவு முழுக்க மானாப்புல் இடுப்பளவு வளர்ந்து கிடந்தது. கண்ணுக்கெட்டிய வரை ஒரு கூரைகூட இல்லை.

“யாருமே இல்லையே!” என்றாள், காணியை எடுக்கக் கூடாதென்று மனுக் கொடுத்திருந்த கொழுந்துத் தொழிலாளி சிவனுவிடம்.

“இருக்காங்க மிஸ். என் சம்சாரம், அம்மா, மூணு புள்ளைங்க. அஞ்சு பேரு.”

“எங்கே?”

சிவனு காலடி மண்ணைக் காட்டினான்.

சுகந்தினிக்கு ஆறு வருஷத்துக்கு முன் இங்கே மண் சரிந்து, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த ஒரு லயத்தையே மூடிய செய்தி ஞாபகம் வந்தது. நின்ற இடத்திலிருந்து மெல்ல விலகி நின்றாள்.

“அவங்க இறந்துட்டாங்களேப்பா...”

“அதைத்தான் மிஸ் நானும் ஆறு வருஷமா ஆபீஸ் ஆபீஸாப் போய்ச் சொன்னேன்.”

மடித்து மடித்து நைந்துபோன கடிதத்தை நீட்டினான். உடல்கள் கிடைக்காததால் மரணச் சான்றிதழ் வழங்க இயலாது என்றிருந்தது. கீழே அரசாங்க முத்திரை.

“அப்ப கவர்மெண்டுக்கு அவங்க உசுரோடதானே இருக்காங்க?”

சுகந்தினி கடிதத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு பேனாவை எடுத்து, குடியிருப்போர் பெயர்களையும் வயதையும் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள்.

“கடைசிப் பொண்ணுக்கு என்ன வயசு?”

“அப்ப ரெண்டு,” என்றான் சிவனு. “இப்ப எட்டுன்னு போடுங்க மிஸ்.”