பொந்து வேலை

முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டதால், கிளி மரங்கொத்தியைக் கூப்பிட்டு அனுப்பியது.

"மேஸ்திரி, இந்த மரத்துல எனக்கு ஒரு பொந்து வேணும். ஆனா கொத்துற சத்தம் யார் காதுலயும் விழக் கூடாது."

"சத்தமில்லாம எப்படிம்மா கொத்துறது? மழை பெய்யும்போது கொத்துறேன். அதுல அடங்கிப்போகும்."

"வாசல் பெருசா வேணும். எனக்குப் பிடிக்கலைன்னா சின்னதாக்கித் தரணும்."

மரங்கொத்தி சிரித்துவிட்டது. "கொத்தின மரத்தைத் திரும்ப எப்படி ஒட்டவைக்கிறது? முதல்ல சின்னதாப் போடுறேன். நீங்க தலையை விட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க."

கிளி அரைமனதாகத் தலையாட்டியது. "சரி, கடைசியா ஒண்ணு. உள்ள பாம்பு வராதுன்னு சத்தியம் பண்ணிக் குடுங்க."

கூலியாகக் கிளி காட்டுவதாகச் சொல்லியிருந்தது, புழு நிறைந்த ஒரு முருங்கை மரத்தை. மரங்கொத்தியின் வீட்டிலோ குஞ்சுகள் பசியோடு கத்திக்கொண்டிருந்தன. அது, கிளி பொந்து கேட்ட மரத்தை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தது.

"பக்கத்துல கிளை இல்லாத இடமாப் பாத்துக் கொத்துறேன். வாசலை உங்க உடம்பு நுழையற அளவுக்குக் குறுக்குறேன். ஆனா பாம்பு வராதுன்னு மட்டும் என்னால சொல்ல முடியாதும்மா. சத்தியம்தான் வேணும்னா வேற ஆளைப் பாத்துக்குங்க" என்று சொல்லி இறக்கையை விரித்தது.

"போன வருஷம் கொத்தினவர் கேட்ட உடனே சத்தியம் பண்ணினார். அப்புறமும் பாம்பு வந்து முட்டையெல்லாம் முழுங்கிட்டுப் போச்சு" என்றது கிளி.

மரங்கொத்தி விரித்த இறக்கையை மடக்கிக்கொண்டது.

கிளையில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்ட கிளி, வானத்தைப் பார்த்துக் கேட்டது: "மழை எப்ப வரும், மேஸ்திரி?"