மாசாக் குட்டைத் தவளைகள் எந்தக் கிளை?

ஆப்பிரிக்காவின் சாட் ஏரிப் பக்கத்துத் தவளைகளின் மொழிகளை மேற்கு, நடு, கிழக்கு என்று மூன்று கிளைகளாகப் பிரித்து வைத்திருந்தது ஒரு நாரை. மாசாக் குட்டைத் தவளைகளின் பேச்சு மட்டும் எதிலும் அடங்கவில்லை.

மழைக்காலத்தில் நாரை வந்து, "நீங்கள் நடுக்கிளை" என்றது. குட்டைத் தவளைகள் ஆற்றிலிருந்த நடுக்கிளைத் தவளைகளோடு குடியேறின. மழை நின்றதும் நாரை திரும்பி வந்து, "தப்பு, நீங்கள் தனிக்கிளை" என்றது. ஆற்றுத் தவளைகள் அவற்றைத் துரத்திவிட்டன.

கோடையில் குட்டை வற்றியது. ஆற்றில் இடம் கேட்டதற்கு, "நாரை சொல்லட்டும்" என்று பதில் வந்தது.

நாரை சாவகாசமாக வந்து ஒற்றைக் காலில் நின்றது. "இன்னும் ஒரே ஒரு சொல் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் முடிவு தெரிந்துவிடும்."

"இதையேதான் ஒவ்வொரு தடவையும் சொல்றீங்க!" என்று சீறியது ஒரு தாய்த் தவளை. "நாக்குக்கு என்ன சொல்லு, எலும்புக்கு என்ன சொல்லு, மலைக்கு என்ன சொல்லு! நாங்க மலையைப் பார்த்தாவது இருக்கோமா?"

"கோபப்படாதே அம்மா. தண்ணீருக்கு உங்கள் பேச்சில் என்ன சொல்?"

தவளை பாளம்பாளமாக வெடித்துக் கிடந்த சேற்றைப் பார்த்தது.

"அந்தச் சொல்லையும் நீங்களே வச்சுக்குங்க, ஐயா. இங்கே இப்போ அதுக்கு வேலையில்லை."