ஒரே குமிழி

மைக்ரோஸ்கோப்பின் வெளிச்சத்தில் செர்ட் கல்லின் மெல்லிய சீவல் தேன்நிறத்தில் மின்னுகிறது. அதற்குள் கல்லாகிப்போன ஒரு நுண்ணுயிர், மணிச்சரம்போல. இதே உயிர் இரண்டு மலையிலும் இருந்தால் அந்தப் பாறை அடுக்குகள் ஒரே காலத்தவை. பேராசிரியர் கொடுத்த கிழக்கு மலைப் படத்தையும் மேற்கு மலைப் படத்தையும் ஆய்வு மாணவி கணினித் திரையில் அருகருகே வைக்கிறாள். இரண்டிலும் சரத்தின் பக்கத்தில், சீவலைக் கண்ணாடியில் ஒட்டிய பசைக்குள் சிக்கிய அதே காற்றுக்குமிழி. ஒரே படத்தைத் தலைகீழாகத் திருப்பியிருக்கிறார். “எப்படிப் பொருந்துது பாத்தியாம்மா?” அவள் தோளுக்குமேல் குனிந்து பிஸ்கட் மெல்கிறார். துணுக்குகள் அவள் கையில் உதிர்கின்றன. “கட்டுரையில உன் பேரும் போட்டிருக்கேன்.” அவள் கையை அழுத்தி அழுத்தித் துடைக்கிறாள். “பொருந்தாம எங்க போகும் சார்? ரெண்டும் ஒரே கல்லுதானே. என் பேரை எடுத்துடுங்க.”