வேம்பில் தொங்கிய தண்டவாளத் துண்டு

ரயில் நின்றுபோன அந்த ஸ்டேஷனில் தண்டவாளம், பெயர்ப்பலகை, இரும்பு பெஞ்சு எல்லாம் லாரியில் ஏறிவிட்டன. வேப்பமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு மட்டும் மிச்சம். முந்தைய ஸ்டேஷனிலிருந்து ரயில் கிளம்பியதும் அதைத்தான் மணியாக இரண்டு முறை அடிப்பார்கள். பாதையில் ஆடு மேய்ப்பவர்கள் அதைக் கேட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். பதினெட்டு வருடங்களுக்கு முன் ஒரு மதியம், அடிக்க வேண்டிய சூசை கண்ணயர்ந்துவிட்டார். வளைவில் ரயில் தெரிந்தபோது பூமயிலின் கணவன் தண்டவாளத்திலிருந்து ஆடுகளை விரட்டிக்கொண்டிருந்தான். ஏழு ஆடுகளோடு அவனும் போனான். விசாரணையில் சூசை, "அடிச்சேன்" என்றார். "எனக்குக் கேக்கலையே" என்றாள், அன்று பக்கத்துச் சரிவில் மேய்த்துக்கொண்டிருந்த பூமயில். அவளுக்குக் காது மந்தம் என்று எழுதி முடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஊரே அவளிடம் சத்தம் போட்டுத்தான் பேசியது. அவளும் மறுக்கவில்லை.

"ஒரு தடவ அடிச்சுக்கிறேன்" என்று பழைய இரும்பை ஏலம் எடுத்தவரிடம் கேட்டார் சூசை. அவர் சுத்தியலைக் கொடுத்தார். சூசை இரண்டு முறை அடித்தார். தண்டவாளம் பெயர்த்த தடத்தில், கூப்பிடு தூரத்தில் மேய்த்துக்கொண்டிருந்த பூமயில், திரும்பிப் பார்க்காமலே ஆடுகளைச் சரிவில் இறக்கினாள். கடைசிக் குட்டியும் இறங்கும்வரை நின்றாள். சூசை நிறுத்தவில்லை. மூன்று, நான்கு என்று அடித்துக்கொண்டே இருந்தார். அவள் மரத்தடிக்கு நடந்து வந்து சுத்தியல் பிடித்த கையைத் தொட்டாள்.

"போதும்ண்ணே" என்றாள், தாழ்ந்த குரலில். "எனக்குக் காது நல்லாத்தான் கேக்கும்."