சீராக வந்த செவலை

தன் மகளைக் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் சும்பாத் தீவு வழக்கப்படி சீராக ஓட்டிவந்த பத்துக் குதிரைகளில் அந்தச் செவலையைப் பார்த்ததும், உம்பு லாண்டுவுக்கு வாயிலிருந்த வெற்றிலை கசந்தது.

கால்நடை டாக்டர் யூலியானா அதன் தாடையைத் தடவிவிட்டு அவரை ஓரமாக அழைத்தாள்.

"ஐயா, தொண்டையில கட்டி, மூக்குல சீழ். இந்த மாசம் சும்பாத் தீவு முழுக்க இதே தொத்து வியாதிதான். பட்டியில விட்டீங்கன்னா உங்க முப்பது குதிரையும் மூச்சுத் திணறும். தனியாக் கட்டி ஒத்தடம் கொடுத்து, கட்டி பழுத்ததும் கீறிவிடணும்."

"சீர் குதிரையத் தனியாக் கட்டினா சம்பந்திக்கு அவமானம், டாக்டரம்மா."

"அப்ப திருப்பி அனுப்புங்க. சீக்குக் குதிரையத் தலையில கட்டுறாங்களே, அவங்களுக்கு இல்லாத வெக்கம் உங்களுக்கு எதுக்கு?"



அதற்குள் மாப்பிள்ளையின் அப்பா சிரித்துக்கொண்டே வந்துவிட்டார்.

"என்ன சம்பந்தி, செவலையப் போய் டாக்டரம்மா பார்க்கணுமா? போன வாரம் உங்க மகன் கல்யாணத்துக்குப் பொண்ணு வீட்டுக்கு நீங்க கொடுத்த குதிரைதானே! அந்தப் பொண்ணு வீட்டார் முந்தாநாள் எங்க வீட்டுல பொண்ணெடுத்தப்ப அதையே எங்களுக்குச் சீராக் கொடுத்தாங்க. தொடையில உங்க முத்திரையப் பார்த்ததும், மூக்கைக்கூடப் பார்க்காம வாங்கிட்டோம்!"

யூலியானா உம்பு லாண்டுவை நிமிர்ந்து பார்த்தாள்.

"பட்டியைத் திறங்க, பத்தையும் உள்ள விடுங்க" என்றார் அவர், யார் முகத்தையும் பார்க்காமல்.

போன வாரம் தன் மூக்கைத் துடைத்துச் சுத்தமாக்கி அனுப்பிய கையை அடையாளம் கண்டுகொண்ட செவலை, மறுபடியும் துடைக்கச் சொல்வதுபோல் மூக்கை நீட்டியது.