துணைக்குப் போனவள்

“வெந்நீர்க் குளத்துல இறங்கி நின்னா உடம்பு வலி போயிடுமாம்! எல்லா டெஸ்ட்டும் நார்மல். வேலைக்கு வணங்காத உடம்புக்கு ஃபைப்ரோமயால்ஜியான்னு ஒரு பேரு வேற!” பெரியவர் மருத்துவச் சீட்டை மேசையில் எறிந்தார்.

“டாக்டர்தான் சொன்னாங்க, மாமா. வாரத்துக்கு ரெண்டு நாள்” என்றாள் மருமகள், தலை நிமிராமல்.

“நம்ம வீட்டுப் பொம்பளைங்க நாலு பேர் பார்க்கத் தண்ணியில இறங்கறதா?”

“விடுங்களேன்” என்றாள் அவர் மனைவி மெதுவாக.

“மகன் முகத்துக்காக விடறேன். ஆனா இவ தனியாப் போகக் கூடாது. நீ துணைக்குப் போ. குடும்ப மானம் உன் பொறுப்பு.”

மனைவி தலையாட்டினாள்.

மூன்றாம் வாரம், சந்தேகம் தாளாமல் அவரே சிகிச்சை மையத்துக்குப் போய் நின்றார். குளத்தோர நாற்காலியில் மருமகள் துளியும் நனையாமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் துண்டும் அவர் மனைவியின் மூக்குக்கண்ணாடியும் இருந்தன.

கழுத்தளவு வெந்நீரில் கண்மூடி நின்றிருந்தாள் மனைவி. அந்த முகத்தில் அப்படியொரு நிம்மதியை அவர் பார்த்ததே இல்லை.

“வலி அத்தைக்குத்தான், மாமா. இருபது வருஷமா. சொன்னா நடிப்புன்னுடுவீங்கன்னு பயந்தாங்க. அதான் அந்தப் பேச்சை நான் வாங்கிக்கிட்டேன்.”

குரல் கேட்டுக் கண் திறந்த மனைவியின் முகம், அவரைக் கண்டதும் பழையபடி இறுகியது.

“இதோ வந்துட்டேங்க” என்று கைப்பிடியைத் தேடினாள்.

“இரு!” என்றார் அவர். கனிவாகத்தான் சொல்ல நினைத்தார். அதட்டியே பழகிய குரல் அதட்டலாகவே வந்தது.

அவள் இன்னும் வேகமாகப் படியேறினாள்.