முளைப்பாரி போன திசை

கிரீஸ் துடைத்த வேஸ்ட் துணி பொன்னுராஜின் கையிலிருந்து நழுவி ஆற்றில் விழுந்தது. விழுந்தது மலையைப் பார்த்துப் போனது.

மலை மேற்கே இருக்கிறது. ஆறு மலையிலிருந்துதான் இறங்கி வருகிறது. வந்த வழிக்கே தண்ணீர் திரும்பிப் போகுமா என்ன?

ஒரு பூவரச இலையைக் கிள்ளிப் போட்டுப் பார்த்தான். அதுவும் மேற்கே போனது. ஒரு குச்சியைப் போட்டான். அது இலையை முந்திக்கொண்டு போனது.

தேவதானத்தில் ஒரு தோட்டத்து மோட்டாரைச் சரிசெய்துவிட்டுக் கை கழுவ இறங்கியவன் அவன். கார்த்திகை மாதம், ஆற்றில் நல்ல தண்ணீர். மம்சாபுரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். தேவதானத்து வேலை என்று யார் வந்தாலும் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்துவிடுவான். இன்றைக்கு வந்த தோட்டக்காரர் விடாக்கண்டர். கூட்டிப்போகாமல் எழுந்திருக்க மாட்டேன் என்று கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவன் இந்தக் கரைக்குக் கடைசியாக வந்து பன்னிரண்டு வருஷமாகிறது.

எண்பத்து மூன்றில் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேலை பார்த்தான். ஆவுடையம்மாள் அதே மில்லில் நூல் பிரிவு. தேவதானத்துக்காரி. யார் ஷிப்ட் மாற்றிக் கேட்டாலும் சரி என்றுவிடுவாள். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வராது.

கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்க அவனுக்கு ஒரு வருஷம் பிடித்தது. கேட்டதும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று நினைத்து அவனே ஒரு வழி சொன்னான். பங்குனிப் பொங்கலுக்கு ஊர்ப் பெண்களெல்லாம் ஆற்றில் முளைப்பாரி கரைப்பார்கள் அல்லவா? சம்மதம் என்றால் அவள் தன் முளையில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டி விடட்டும். ரிப்பன் மிதந்து வந்தால் அவன் பெண் கேட்டு வருவான். வராவிட்டால் அந்த ஊர்ப் பக்கமே தலைகாட்ட மாட்டான்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

பொங்கலன்று சாயங்காலம் படித்துறைக்குக் கிழக்கே, தாழம்புதரில் ஒளிந்து நின்றான். பங்குனித் தண்ணீர், ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. ஆனால் கிழக்கேதான் வரும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. வைகையாகட்டும், தாமிரபரணியாகட்டும், மேற்கே மலையில் பிறந்து கிழக்கே கடலுக்குப் போவதாகத்தானே பள்ளிக்கூடத்தில் படித்தான்? தண்ணீர் மேட்டுக்கு ஏறுமா?

புதருக்கு அந்தப் பக்கம் குலவைச் சத்தம் கேட்டது. பிறகு ஓய்ந்தது. இருட்டும்வரை நின்றான்.

ரிப்பன் வரவில்லை.

ஊரே கரைத்த முளைப்பாரியில் ஒரு முளைகூட ஏன் தன் பக்கம் வரவில்லை என்று யோசிக்க அன்றைக்கு அவனுக்கு மூளை இல்லை. இருபத்திரண்டு வயதில் யாருக்குத்தான் இருந்தது?

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். மில்லை விட்டான். பிறகு கல்யாணம், இரண்டு பிள்ளைகள். பரிபூரணம் தங்கமான மனைவி, குறையொன்றுமில்லை. ஆனாலும் ஒவ்வொரு பங்குனியிலும் தெருவில் முளைப்பாரி போகும்போது கடைக்குள்ளே போய்த் திரும்பி உட்கார்ந்துகொள்வான்.

இப்போது குச்சி கண்ணுக்கு மறையும்வரை பார்த்துவிட்டு, பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம், ஆறு ஏன் மேற்கே போகிறது என்று கேட்டான்.

"எதுக்க பாறை மறிச்சு நிக்குதுல்லா? அதுல முட்டி செத்த தூரம் மேக்க போயி, பொறவு தோப்பச் சுத்திக்கிட்டுக் கிழக்க திரும்பும்" என்றாள் அவள், வேட்டியை முறுக்கிக்கொண்டே. "வெளியூர்க்காரவிய அம்புட்டுப் பேரும் இப்பிடித்தான் கேக்காவ. எங்களுக்கு நடக்கப் பழகும்போதே தெரியும்."

பொன்னுராஜ் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அப்படியானால் ரிப்பன் போயிருக்கிறது. எல்லார் முளையோடும் அவள் முளையும் மேற்கே போயிருக்கிறது. பாவம், பெண் கேட்டு வருவான் என்று எத்தனை நாள் காத்திருந்தாளோ? ஏமாற்றிவிட்டான் என்று எப்படியெல்லாம் வைதாளோ? அவனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. பன்னிரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ தூக்கி ஓரமாக வைத்த மாதிரி இருந்தது.

அவளை எங்கே கட்டிக்கொடுத்திருக்கிறார்கள் என்று இந்தப் பெண்ணிடமே கேட்டுவிடலாம். ஒரே ஒரு தடவை பார்த்து, நான் வந்து நின்றேன், ஆறுதான் மாற்றிக் கொண்டுபோய்விட்டது என்று சொல்லிவிட வேண்டும்.

கேட்க வாயெடுத்தவன் மேற்கே பார்த்தான். அவன் போட்ட குச்சி போன பக்கம் மாந்தோப்பு. கிளைகள் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தன. ஒளிந்து நிற்க அதைவிட வசதியான இடம் இந்தக் கரையில் கிடையாது.

வாயை மூடிக்கொண்டான்.

அந்தப் பொங்கலுக்கு முந்தின நாள் மில் வாசலில், தண்ணீர் போகும் திசையை நினைக்காமல், ஒளிய வசதி என்று அந்தத் தோப்பில்தான் நிற்கப்போகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தான்.

"தோப்புல வேண்டாம். கிழக்க தாழம்புதர்கிட்ட நில்லுங்க. அங்கதான் வரும்" என்றாள் ஆவுடையம்மாள்.

இந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அன்றைக்கு அவன் தலையாட்டினான்.